கரையோரச் செஸ் குழுவுக்கு ரேட்டிங் நோட்டு எழுதுவது எப்படி

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஐஸ் கம்பெனிக் கணக்கு எழுதுகிறவன் நான். எங்கள் செஸ் ஆட்களின் ரேட்டிங், அதாவது ஆட்ட பலத்தைக் காட்டும் எண், எழுதும் நோட்டும் என் கையில்தான் இருக்கிறது. பெருக்கல், கழித்தல் தெரிந்தால் போதும், நீங்களும் எழுதலாம்.

அடிப்படைக்கு அர்பாத் எலோவின் முறையே போதும். இயற்பியல் பேராசிரியரான அவர் வகுத்ததை உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-ல் எடுத்துக்கொண்டது. எல்லோரையும் 1500-ல் தொடங்குங்கள். ஜெயித்தால் 1 புள்ளி, டிராவுக்கு அரை, தோற்றால் 0. இருவருக்கும் 200 வித்தியாசம் வந்துவிட்டால், மேலே இருப்பவர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 0.76 புள்ளி எடுக்க வேண்டும். எடுத்த புள்ளியிலிருந்து இதைக் கழித்து, வருவதை 'கே' என்ற எண்ணால் (ஓர் ஆட்டத்தால் ரேட்டிங் எவ்வளவு அசையலாம் என்பதைக் காட்டுவது) பெருக்கி, பழைய ரேட்டிங்கோடு சேர்க்க வேண்டும். கே 20 என்றால், ஜெயித்தால் அவருக்கு 5 ஏறும், தோற்றால் 15 இறங்கும், டிரா ஆனாலும் 5 போகும். "டிராவுக்கு எதுக்குப்பா கழிக்கிறே?" என்று பெரியவர்கள் கட்டாயம் கேட்பார்கள். நோட்டைத் திருப்பிக் காட்டிவிடுங்கள்.

நியாயம் இருப்பது கே-யில்தான். பள்ளிப் பிள்ளைகள் மாதத்துக்கு மாதம் தேறுகிறார்கள், நோட்டு பின்தங்கிவிடுகிறது. அவர்களிடம் தோற்றே பெரியவர்களின் எண் கரையும். அதனால் புதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் கே 40 வையுங்கள். முதல் 30 ஆட்டம் வரை ஃபிடேயும் 40தான் வைக்கிறது. 200 கீழே இருக்கும் பையன் ஜெயித்தால் அவனுக்கு 30 ஏறும்போது, கே 20 உள்ள பெரியவருக்கு 15தான் இறங்கும்.

அடுத்தது எங்கள் ஊருக்கே உரிய சிக்கல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், பள்ளிக்கும் விடுமுறை, பலகை ஓயாது. தடை முடிந்ததும் பலரை மாதக்கணக்கில் பார்க்க முடியாது. வராதவருக்குப் புள்ளி வெட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். கடலுக்குப் போனவரின் ஆட்டம் குறைந்துவிட்டது என்று யார் சொன்னது? நமக்கு அவர் பலம் இப்போது சரியாகத் தெரியாது, அவ்வளவுதான். மார்க் கிளிக்மன் 1995-ல் கொண்டுவந்த கிளிக்கோ முறை இந்தத் தெரியாமையையே ஓர் எண்ணாக வைத்துக்கொள்கிறது. நோட்டுக்காரனுக்கு அது கொஞ்சம் பாரம். குறுக்கு வழி இது: திரும்பி வந்தவருக்கு முதல் 10 ஆட்டம் கே 40, அவரோடு ஆடுபவருக்கு அந்த ஆட்டங்களில் கே 10.

பாம்பன் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே ஆடினால் அங்கத்திய 1600-ம் இங்கத்திய 1600-ம் ஒன்றல்ல. அவ்வப்போது கலந்து ஆடவிடுங்கள்.

மாற்று ஆட்டங்களுக்குத் தனிப் பக்கம் போடுங்கள். பின்வரிசைக் காய்களைக் கலைத்து வைத்துத் தொடங்கும் செஸ் 960-ல் மனப்பாடம் செய்த தொடக்க நகர்த்தல்கள் உதவாது. ஹோர்ட் ஆட்டத்தில் வெள்ளைக்கு 36 சிப்பாய்கள், ராஜாவே கிடையாது. இரு பக்கமும் மாறி ஆடி முடித்த பிறகே எண்ணை ஏற்றுங்கள். ஜோடியாக ஆடும் பக்ஹவுஸில் கூட்டாளி வெட்டித் தரும் காய்தான் பாதி பலம். யாருடைய புள்ளி யாருக்கு என்று பிரிக்க முடியாததால் நான் அதை நோட்டில் சேர்ப்பதில்லை. விடாப்பிடியாகக் கேட்டால் ஜோடிக்கென்று ஓர் எண் கொடுங்கள், ஜோடி மாறினால் திரும்ப 1500.