ஏச்சு வேறு, அவமானம் வேறு: வேலையிடத்தில் நாம் செய்கிற தவறுகள்

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஏச்சு வாங்காமல் யாரும் வேலை பழகியதில்லை. "ஏல மூதி, இதையா எடுத்துட்டு வரச் சொன்னேன்?" என்கிற அண்ணாச்சியே மத்தியானம் "சாப்பிட்டியால?" என்றும் கேட்பார். மூதி என்பது இங்கே வசவும்தான், கொஞ்சலும்தான். பாசத்தில் ஏசுகிறவருக்கும் ஆளைக் குறுக்கி வைக்க ஏசுகிறவருக்கும் வாயில் வருவது ஒரே சொல். அதனால் சொல்லை மட்டும் வைத்து எடைபோட்டால் ஏமாந்துபோவோம்.

பார்க்க வேண்டியது வேறு. தப்பைச் சரிசெய்த பிறகு ஏச்சு நிற்கிறதா? நாம் பதில் சொல்ல இடம் இருக்கிறதா? ஆள் கூடுகிற நேரமாகப் பார்த்து ஏசுகிறாரா? சேலையைத் திரும்ப ஒழுங்காக மடித்து வைத்த பிறகும், வாங்க வந்தவர்கள் முன்னால் "படிச்ச லட்சணத்தப் பாரு" என்று தொடர்ந்தால், பேச்சு சேலையைப் பற்றியது இல்லை. 1980களில் சுவீடனில் வேலையிடத் துன்புறுத்தலை ஆராய்ந்த ஹைன்ஸ் லேமன் ஒரு கணக்கு வைத்தார்: வாரம் ஒரு முறையாவது, ஆறு மாதமாவது தொடர்வது. அது ஆய்வுக்கான அளவுகோல். நாமும் ஆறு மாதம் பொறுத்திருக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

அடுத்த தவறில் நானே விழுந்திருக்கிறேன். ரத வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் இரண்டு வருடம் இருந்தேன். மாடியைப் பார்த்துக்கொண்ட சூப்பர்வைசர் வாரம் முழுக்கக் குதறுவார். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பயந்து பயந்து லீவு கேட்டேன். லீவும் கொடுத்து, "வரிக்கு வச்சுக்கோல" என்று இருநூறு ரூபாயையும் சட்டைப்பையில் திணித்துவிட்டார். அந்த இருநூறை நினைத்தே இன்னும் எட்டு மாதம் ஓட்டினேன். மனிதர் மாறிவிட்டார் என்று நம்பினேன், இல்லை, நம்ப ஆசைப்பட்டேன். ஒவ்வொரு கொத்துக்கும் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றதும் சீக்கிரம் விட்டுவிடும். எப்போதாவது மட்டும் கிடைத்த புறாதான் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். உளவியலாளர் ஸ்கின்னரின் புறா ஆய்வுகளைப் பிற்பாடு படித்தபோது அந்த எட்டு மாதம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள்? முக்கூடல் பக்கத்துப் பையன் ஒருவனை அதே சூப்பர்வைசர் கல்லாவுக்கு எதிரே ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தார். நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். சாயங்காலம் டீ குடிக்கும்போது நான்தான் சொன்னேன், "அவன் வாயும் சும்மா இருந்திருக்காது." எனக்கு எதுவும் தெரியாது. இருந்தும் சொன்னேன். 1966இல் மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பெண் மின்னதிர்ச்சி வாங்குவதாக நடிப்பார், மற்றவர்கள் அதை நிஜம் என்று நம்பிப் பார்ப்பார்கள். அவளைக் காப்பாற்ற வழியில்லை என்றானபோது, பார்த்தவர்கள் அவளையே மட்டமாக மதிப்பிட்டார்கள். உலகம் நியாயமானது, தப்பு செய்யாதவனுக்கு அடி விழாது என்று நம்பினால்தானே நமக்குத் தூக்கம் வரும்!

"அன்னைக்கே எதுத்துக் கேட்டிருக்க வேண்டியதுதான?" என்பது வீட்டில் வருகிற கேள்வி. நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள், ஆனாலும் தப்பான கேள்வி. தப்பிக்க முடியாத மின்னதிர்ச்சியை அனுபவித்த நாய்கள், பிறகு வழி திறந்திருந்தும் பெரும்பாலும் அசையாமல் கிடந்ததை 1967இல் உளவியலாளர்கள் செலிக்மனும் மையரும் காட்டினார்கள். அடங்கிப்போகக் கற்றுக்கொண்டன என்றுதான் அப்போது விளக்கினார்கள். 2016இல் அவர்களே அதைத் திருத்தினார்கள். நீளும் துன்பத்துக்கு மூளையின் முதல் பதிலே அடங்கிப்போவதுதான். 'என் கையிலும் ஏதோ இருக்கிறது' என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது என்றார்கள். நம் ஊரில் இதற்கு மேல் இன்னொரு முடிச்சும் உண்டு: வேலைக்குச் சொல்லிவிட்ட மாமாவின் மானம். அதற்காகவே வாயைக் கட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர்.

கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்றால் ஒரு நோட்டு போதும், அதிலிருந்து தொடங்கலாம். தேதி, நேரம், சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் நின்றார்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை அழிக்க வேண்டாம். பலரும் செய்வது இதற்கு நேர்மாறு: மாதக்கணக்கில் பொறுத்துவிட்டு ஒருநாள் பில் புத்தகத்தை வீசி எறிவார்கள். அப்புறம் எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது அந்த வீச்சு மட்டும்தான்.

எதை எங்கே கொண்டுபோவது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. வெறும் வசவுக்கும் ஒதுக்கிவைப்பதற்கும் இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. ஆனால் பெண்களுக்கு வேலையிடத்தில் பாலியல் தொல்லை என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் இந்தப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சின்ன கடை என்றால், அல்லது புகார் முதலாளி மேலேயே என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. கடைகளில் நிற்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. நாள் முழுக்க நிற்க வைப்பது 'கடை வழக்கம்' என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லலாம். தூக்கம் கெட்டு, காலையில் கடைத்தெரு நெருங்க நெருங்க வயிற்றைப் பிசைகிறது என்றால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.