மலையிறங்கும் பழைய அம்பாசடருக்கு முன்சக்கர டிஸ்க் பிரேக் பொருத்துதல்

குன்னூரில் நான் வைத்திருக்கும் 1972ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 2 வண்டிக்கு நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான் (சுழலும் உருளையின் உட்புறத்தை ஷூ என்னும் வளைந்த கட்டைகள் அழுத்துவது) இருந்தது. மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுவதால், பாதி மலை இறங்குவதற்குள் பெடல் தாழ்ந்துவிடும். சக்கரத்தோடு சுழலும் தட்டான டிஸ்க்கோ சூட்டில் தடித்தாலும், தன்னை இருபுறமும் அழுத்தும் பேடை நோக்கியே வருகிறது. காற்றுப் படுவதால் விரைவில் ஆறவும் செய்கிறது.

டிஸ்க் பிரேக்குடன் வந்த பிற்கால அம்பாசடர் ஒன்றிலிருந்து ஸ்டப் ஆக்சில் (சக்கரத்தைத் தாங்கும் குட்டை அச்சு), ஹப் (சக்கரத்தின் மையப் பகுதி), டிஸ்க், கேலிப்பர் (பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் கவ்வி), பூஸ்டர் (கால் அழுத்தத்தைப் பெருக்குவது), இரட்டை மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைக் குழாய்களில் தள்ளுவது) ஆகியவற்றை ஒரே தொகுதியாக வாங்குவதே சிறந்தது. டிரம்மில் ஒரு ஷூ சுழற்சியோடு இழுபட்டுத் தானாகவே இறுகும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது என்பதால் பூஸ்டரைத் தவிர்க்க வேண்டாம். கேலிப்பரின் சீல்களையும் ரப்பர் ஹோஸ்களையும் புதிதாகவே போடுங்கள்.

பைப் நட்டுகளைக் கழற்ற நட்டை ஏறக்குறைய முழுதும் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனரைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சாதாரண ஸ்பேனர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். காற்றெடுக்கும் நிப்பிள் (திறந்து மூடக்கூடிய சிறு திருகு) மேற்புறம் வரும்படி கேலிப்பரைப் பொருத்துங்கள். இடம் வலம் மாறினால் நிப்பிள் கீழே போய், உள்ளே தங்கிய காற்று வெளியேறாது.

என்னைத் தடுக்கி விழச் செய்தது மாஸ்டர் சிலிண்டர்தான். செலவைக் குறைக்கப் பழையதையே முதலில் விட்டுவைத்தேன். பிரேக்கை அதிகம் தொடாமல் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறியும், பர்லியார் தாண்டியதும் முன்சக்கரங்களில் கருகல் வாடை வந்தது. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரின் வாயில் ஒரு சிறு வால்வு உண்டு. டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர்கள் சுருங்காதிருக்க, பெடலை விட்ட பிறகும் அது சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைக் குழாயில் தேக்கி வைக்கும். அதே அழுத்தம் பேடை டிஸ்க்கின்மேல் உரசவிடும். இதைச் சோதிக்க, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை மிதித்து விட்டபின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுகியிருந்து, நிப்பிளைச் சற்றுத் திறந்ததும் விடுபட்டால், அழுத்தம் தேங்குகிறது என்று பொருள். அப்போது, பெடலின் அசைவை மாஸ்டர் சிலிண்டருக்குக் கடத்தும் புஷ்ராடில் சிறு இடைவெளி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டாலும் இதே கோளாறு வரும். டிஸ்க் வண்டியின் மாஸ்டர் சிலிண்டரை மாட்டியதும் என் தொல்லை தீர்ந்தது.

பிரேக் ஆயில் டாட் 4 (DOT 4) தரத்தில் இருக்கட்டும். புதிதில் அது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். மூடுபனியில் நிற்கும் நம் வண்டிகளுக்கு ஆண்டுதோறும் அதை மாற்றுவது என் வழக்கம். இடது பின்சக்கரம், வலது பின், இடது முன், வலது முன் என்ற வரிசையில் காற்றெடுங்கள்.

பிற்சேர்க்கை: புதுப் பேடுடன் உடனே மலையிறங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கூடாது. ஆளில்லாத சமதளச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை, முழுதும் நிறுத்தாமல், பத்து முறை குறைத்து ஆறவிடுங்கள். அதன்பின் இரண்டாம் கியரிலேயே இறங்கி, கல்லாறில் நிறுத்தி, ஒவ்வொரு இணைப்பிலும் ஈரம் கசிகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.