ஒரு கட்டத்தில் ஒரு பிள்ளை: சின்னப் பிள்ளையோடு ட்ரம்போலின் பார்க் போகிறவர்களுக்கு

திருகோணமலைப் பிள்ளைக்குத் துள்ள இடம் தேடித் தரத் தேவையில்லை. உப்புவெளி மணல் இலவசம். ஆனால் பள்ளி விடுமுறைக்குக் கொழும்பில் சித்தி வீட்டுக்கோ மாமா வீட்டுக்கோ போய் இறங்கினால், அங்குள்ள பெரிய பிள்ளைகள் ட்ரம்போலின் பார்க்குக்குப் போகவேண்டும் என்று நிற்பார்கள். துள்ளுவதற்கான துணிக் கட்டங்களை அடுத்தடுத்துப் பொருத்திய விளையாட்டு இடம் அது. நாலு வயதுச் சின்னனும் சேர்ந்து அடம்பிடிக்கும். 3 முதல் 6 வயது வரையான பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ட்ரம்போலினில் ஏற்றவே வேண்டாம் என்பது அமெரிக்க எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர்களின் சங்கம் சொல்லும் ஆலோசனை. அதைக் கேட்டு நடப்பவர்கள் சின்னனை மெத்தை போட்ட மென்மையான விளையாட்டுப் பகுதியில் மட்டும் விளையாடவிட்டுக் கூட்டிவரலாம், அதில் ஒரு குறையும் இல்லை. 3 வயது நிரம்பாத பிள்ளைக்கு எங்கள் ஆலோசனையும் அதுவேதான். 3 வயது தாண்டிய பிள்ளையை ஏற்றத்தான் போகிறீர்கள் என்றால், ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஏற்றுங்கள்.

உயரம் அல்ல, எடை

பெற்றோர் பயப்படுவது பிள்ளை உயரத் துள்ளி வெளியே விழுந்துவிடும் என்றுதான். உண்மையில் காயங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு, ஒன்றுக்கு மேற்பட்டோர் ஒரே நேரத்தில் துள்ளும்போது வருகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2012இல் வெளியிட்ட அறிக்கை இதைச் சொல்கிறது. சேர்ந்து துள்ளுகிறவர்களில் எடை குறைந்தவர் காயப்படும் வாய்ப்பு, எடை கூடியவரைவிட 14 மடங்கு வரை அதிகம் என்றும் அதே அறிக்கையில் இருக்கிறது.

காரணம் இதுதான். இரும்புச் சட்டத்தில் ஸ்பிரிங் பூட்டி இழுத்துக் கட்டிய துணிதான் ட்ரம்போலின். 70 கிலோ அப்பா துள்ளி இறங்கும்போது துணி ஆழமாக அமிழ்ந்து, அதே விசையோடு மேலே எழும்பும். அந்த நொடியில் 15 கிலோப் பிள்ளை கீழே வந்துகொண்டிருந்தால், மேலே வரும் துணியும் கீழே வரும் காலும் நேருக்கு நேர் மோதும். சீமெந்துத் தரையில் விழுந்ததுபோன்ற அடி அது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே கணைக்கால் எலும்பின் மேற்பகுதி வெடிப்பது 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளில் இப்படித்தான். பிள்ளை விழுந்திருக்கவே தேவையில்லை, நின்றபடியே எலும்பு வெடிக்கும்.

ஆகவே ஒரு கட்டத்தில் ஒரு பிள்ளை. அண்ணா, அக்கா, மச்சான் யாரானாலும் பக்கத்துக் கட்டத்தில் துள்ளட்டும். ‘நான் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளுகிறேன், பாதுகாப்பாக இருக்கும்’ என்று அப்பாமார் ஏறுவதுதான் மிகப் பெரிய தவறு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துள்ளுவது அதைவிட மோசம், கால் தடுக்கினால் முழு எடையும் பிள்ளையின்மேல்தான். நீங்கள் உள்ளே போகவேண்டுமானால், கட்டங்களுக்கு இடையில் ஸ்பிரிங்கை மூடியிருக்கும் மெத்தையில் ஆடாமல் நின்று பாருங்கள்.

எப்போது போவது

இது எடைக் கணக்கு என்று புரிந்துவிட்டால், போகும் நேரத்தைத் தெரிவு செய்வதும் எளிது. பெரிய பிள்ளைகள் இல்லாத நேரம்தான் நல்ல நேரம். பள்ளிக்கூட நாட்களில் காலை, திறந்தவுடன் வரும் முதல் மணித்தியாலம் மிக அமைதியானது. சனி, ஞாயிறு பின்னேரமும் போயா விடுமுறையும் பிறந்தநாள் கூட்டம் மொய்க்கும் நேரங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து போகிறவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு: முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை விடும் காலத்தில் மற்றப் பாடசாலைகள் நடந்துகொண்டிருக்கும், அப்போது வாரநாட்களில் கூட்டம் குறைவு.

திருகோணமலையிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ போய் விடியப்புறம் இறங்கினால், அன்றைக்கே பிள்ளையைத் துள்ள விடாதீர்கள். அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கால் சொன்னபடி கேட்காது. ஒரு நாள் விட்டுப் போங்கள்.

போக முன் போன் பண்ணுங்கள். எத்தனை வயது அல்லது எவ்வளவு உயரத்திலிருந்து அனுமதி, சின்னப் பிள்ளைகளுக்கு வலையோ சுவரோ போட்டுப் பிரித்த பகுதி உண்டா, அவர்களுக்கென்று தனி நேரம் ஒதுக்குகிறார்களா, கூட வரும் பெரியவருக்கும் டிக்கெட் வேண்டுமா, டிக்கெட் நேரம் வாசலில் தொடங்குமா உள்ளே ஏறியபின் தொடங்குமா என்று கேளுங்கள். தனிப் பகுதி இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். பிள்ளையைச் சித்தியோடு அனுப்பும் எண்ணமிருந்தால் அதையும் கேட்டுவிடுங்கள். உள்ளே விட முன் பொறுப்பு ஏற்கும் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள், அதைத் தாயோ தகப்பனோதான் வைக்கவேண்டும் என்று வாசலில் மறிக்கும் இடங்கள் உண்டு.

உடுப்பும் நகையும்

காற்சட்டையும் ரீசேட்டும் போதும். சட்டை போட்ட பெண்பிள்ளைக்கு உள்ளே லெகின்ஸ் போடுங்கள், துணியில் உரசினால் முழங்கால் தோல் எரியும். தொப்பி வைத்த மேற்சட்டை, நீளமான நாடா, இரும்புப் பொத்தான் எதுவும் வேண்டாம். தலைமுடியைத் தாழ்வாகப் பின்னி ரப்பர் போடுங்கள், கிளிப் வேண்டாம். பின்னந்தலையில் இருக்கும் கிளிப் விழும்போது குத்தும்.

நம் பிள்ளைகளின் உடம்பில் இருக்கும் மற்றச் சாமான்களையும் கவனிக்கவேண்டும். காப்பு, கொலுசு, சங்கிலி, தொங்கும் தோடு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். கழற்ற முடியாத சின்னத் தோட்டுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டுங்கள். அரைஞாண் கயிற்றில் வெள்ளித் தாயத்து இருந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டுக் கயிற்றைக் காற்சட்டைக்குள் தள்ளிவிடலாம். கழுத்தில் கட்டிய நூலை அவிழ்ப்பதற்கு அம்மம்மா சம்மதிக்க மாட்டா, என்றாலும் அவிழ்க்கத்தான் வேண்டும். ஸ்பொஞ்ச் கட்டிகள் நிரப்பிய குழிக்குள் விழுந்த தங்கத் தோட்டைத் தேடி எடுப்பது லேசுப்பட்ட வேலை அல்ல என்றால் அவவுக்கும் விளங்கும்.

அடியில் ரப்பர் புள்ளி வைத்த சொக்ஸ் கட்டாயம், பெரும்பாலும் அங்கேயே விற்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது அளவு. பெரிய சொக்ஸ் துள்ளத் துள்ளச் சுழன்று, புள்ளி மேற்பக்கம் வந்துவிடும், பிறகு வழுக்கும். குதிக்கால் இருக்கவேண்டிய இடத்தில் குதிக்கால் இருக்கிறதா என்று இடைவேளைக்கு இடைவேளை பாருங்கள். பழையதை மறுபடி கொண்டுபோனால் புள்ளிகள் தேயவில்லையா என்று விரலால் தடவிப் பார்க்கவேண்டும்.

சாப்பாடு 2 மணித்தியாலத்துக்கு முன்பே முடிந்திருக்கட்டும். புறப்பட முன் ஒரு வாழைப்பழம் போதும். பற்றீஸ், ரோல்ஸ் எல்லாம் துள்ளி முடிந்தபின். இனிப்பையும் சுவிங்கத்தையும் வாயில் வைத்துக்கொண்டு ஏற விடாதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

மணலில் ஒரு ஒத்திகை

ஊரிலேயே இரண்டு பின்னேரம் கடற்கரையில் பழக்கலாம். துள்ளுவதைச் சொல்லித்தரத் தேவையில்லை, நிற்பதைத்தான் சொல்லித்தர வேண்டும். இரண்டு காலும் ஒன்றாக இறங்கவேண்டும், இறங்கும்போது முழங்கால் மடியவேண்டும், மடித்தபடியே நிற்கவேண்டும். ட்ரம்போலினில் இதுதான் பிரேக். முழங்காலை விறைத்துக்கொண்டு இறங்கும் பிள்ளையைத் துணி திரும்பத் திரும்ப எறியும், பிள்ளையால் நிறுத்த முடியாது. ‘நில்’ என்று ஒருமுறை சொன்னதும் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காத பிள்ளை இன்னும் தயாராகவில்லை.

விழுவதையும் பழக்குங்கள். தடுமாறினால் பிட்டத்தில் இருந்துவிடவேண்டும், கைகளை நெஞ்சோடு கட்டிக்கொள்ளவேண்டும். விழும்போது கையைப் பின்னுக்கு ஊன்றுவதால்தான் மணிக்கட்டும் முழங்கையும் முறிகின்றன. மணலில் பத்துத் தரம் செய்தால் பிள்ளை இதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொள்ளும்.

டிக்கெட் எடுக்க முன் ஐந்து நிமிடம்

படிவத்தில் கையெழுத்து வைக்க முன், பார்வையாளர் பக்கம் நின்று ஐந்து நிமிடம் பாருங்கள். மேற்பார்வைக்கு நிற்கும் ஊழியரின் கண் பிள்ளைகள்மேலா போனிலா? ஒரு கட்டத்தில் இருவர் ஏறினால் விசில் ஊதுகிறாரா? ஊதாவிட்டால் மற்ற விதிகள் எல்லாம் சுவரில் மட்டும்தான். ஸ்பிரிங்கை மூடும் மெத்தை ஓரங்களில் விலகி இடைவெளி தெரிகிறதா? சின்னப் பாதம் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் கணுக்கால் மாட்டும். துணியில் தையல் விட்டிருக்கிறதா? ஸ்பொஞ்ச் கட்டிகள் குழியின் விளிம்புவரை நிறைந்திருக்கின்றனவா, அமிழ்ந்து பாதிக்குக் கிடக்கின்றனவா? இப்படிப்பட்ட பார்க்குகளுக்கென்றே ஐஎஸ்ஓ 23659 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரம் 2022இல் வந்துவிட்டது. அதைப் பின்பற்றுகிறீர்களா என்று முகப்பில் கேட்பதில் வெட்கமில்லை. பதிலைவிட, அவர்கள் பதில் சொல்லும் விதத்திலேயே நிறையத் தெரியும்.

உள்ளே

முதலில் கழிப்பறைக்குக் கூட்டிப் போங்கள். துள்ளும்போது சிறுநீர் முட்டும், சொல்லவும் நேரமிருக்காது.

சின்னப் பிள்ளைகள் பகுதியிலேயே, நடுக்கட்டத்தின் நடுவில் தொடங்குங்கள். முதல் ஐந்து நிமிடம் நடக்கட்டும், பிறகு மெல்லத் துள்ளட்டும். பல இடங்களில் ஒரு மணித்தியாலத்துக்கு டிக்கெட் தருவார்கள். 4 வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு தேவையில்லை. 10 நிமிடம் துள்ளல், 5 நிமிடம் ஓய்வு, ஒவ்வொரு ஓய்விலும் சில மிடறு தண்ணீர் என்று மூன்று சுற்றுப் போனாலே கால் சோர்ந்துவிடும். காசு கொடுத்த மணித்தியாலத்தை முழுதாக முடிக்கவேண்டும் என்ற எண்ணம்தான் கடைசிக் கால்மணியில் பிள்ளையை விழுத்துகிறது. முகம் சிவந்து, கால் தடுக்கி, காரணமில்லாமல் சிணுங்கத் தொடங்கினால் இறக்கிவிடுங்கள்.

குட்டிக்கரணம் வேண்டவே வேண்டாம். பெரிய பிள்ளைகள் அடிப்பதைப் பார்த்துச் சின்னனும் தலையைக் கீழே வைக்கும், கழுத்துக் காயம் வருவது பெரும்பாலும் அதில்தான். இன்னொருவர் துள்ளும் கட்டத்துக்குக் குறுக்கே ஓட விடாதீர்கள். தூரத்தில் கதிரையில் இருந்து போட்டோ எடுப்பவர் பிள்ளையைப் பார்ப்பவராக ஆகமாட்டார். இரண்டு பிள்ளை என்றால் இரண்டு பெரியவர் போங்கள்.

ஸ்பொஞ்ச் குழியை 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பிள்ளை கட்டிகளுக்குள் புதைந்து தானாக ஏற முடியாமல் தவிக்கும், அதற்குள் அடுத்தவர் மேலே குதித்துவிடுவார். அந்தக் கட்டிகளைத் துவைத்துக் காயவைப்பதும் எளிதல்ல. விட்டே ஆகவேண்டும் என்றால் விளிம்பில் நீங்கள் நின்று, பிட்டம் முதலில் இறங்கும்படி விடுங்கள். தலையோ வயிறோ முதலில் இறங்கக்கூடாது. இழுப்பு உள்ள பிள்ளைக்கு ஸ்பொஞ்ச் தூசி ஆகாது. அப்படிப்பட்ட பிள்ளையின் இன்ஹேலர் பம்ப் உங்கள் கைப்பைக்குள் இருக்கட்டும். அங்கே சறுக்குப் பலகை இருந்தால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்காதீர்கள். பிள்ளையின் கால் ஓரத்தில் உரசி நின்றாலும் உங்கள் எடை அதை இழுத்து முறுக்கிவிடும்.

காய்ச்சல், வயிற்றோட்டம் உள்ள நாளில் போகவேண்டாம். எலும்பு முறிந்து அண்மையில் மாவுக்கட்டு அவிழ்த்த பிள்ளையும் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையும் வைத்தியரைக் கேட்காமல் ஏறக்கூடாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்து எலும்பு மூட்டு தளர்வாக இருக்கும்.

ஊரில் திருவிழாக் காலத்திலும் கானிவலிலும் காற்றடித்த துள்ளுவீடு வைப்பார்கள். அங்கும் இதே எடைக் கணக்குத்தான். ஒத்த வயதுப் பிள்ளைகளை மட்டும் சேர்த்து விடுங்கள். கச்சான் காற்று வீசும் நாளில் அதன் கயிறுகள் நாலு பக்கமும் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். காற்று பலத்தால் பிள்ளையை உடனே இறக்குங்கள்.

அடிபட்டால்

தலைகுத்தி விழுந்து கழுத்து நோகிறது, கை கால் விறைக்கிறது என்றால் பிள்ளையைத் தூக்கவோ இருத்தவோ வேண்டாம். கட்டத்தில் யாரும் அசையாமல் பார்த்துக்கொண்டு 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கை வளைந்து தெரிந்தால், வளைந்தபடியே ஒரு சால்வையால் நெஞ்சோடு கட்டி வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம், அதனால் வைத்தியர் பார்க்கும்வரை சாப்பாடும் பாலும் கொடுக்காதீர்கள். கொழும்பில் என்றால் பொரளையில் சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. எக்ஸ்ரே எடுக்க முன் எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம், முறிவு நெரிவு வைத்தியரிடம் ஓடவும் வேண்டாம். வளரும் எலும்பின் நுனியில் வெடிப்பு இருந்தால் உருவுவதில் அது விலகிவிடும்.

மேலே சொன்ன முழங்காலுக்குக் கீழான வெடிப்பு ஏமாற்றும். வீக்கம் பெரிதாக இராது, முதல் எக்ஸ்ரேயில் சில வேளை தெரியவும் தெரியாது. பிள்ளை அந்தக் காலை ஊன்ற மறுப்பதுதான் முக்கிய அடையாளம். அதனால் ஊருக்குத் திரும்ப பஸ் ஏற முன், தூக்கிக்கொண்டு போகாமல் இருபது அடி நடக்க விடுங்கள், இரண்டு படி ஏற விடுங்கள். நொண்டினால் அல்லது ‘தூக்குங்கோ’ என்று அழுதால் பயணத்தைத் தள்ளிவைத்து அங்கேயே காட்டுங்கள். எக்ஸ்ரே சரி என்று அனுப்பினாலும், ஊருக்கு வந்தபின் பிள்ளை நடக்க மறுத்தால் திருகோணமலை பொது வைத்தியசாலையில் மறுபடி காட்டுங்கள், ட்ரம்போலினில் துள்ளிய பிள்ளை என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.