ஸ்பூரியஸ் காசியஸ்: ஆரம்பகால ரோம கான்சல் ஒருவரைப் பற்றிப் பேசத் தயாராவது எப்படி?

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை கூடும் தமிழ் வாசிப்புக் கூட்டங்களில் ரோம் என்றாலே ஜூலியஸ் சீசர்தான். அடுத்த முறை பேச உங்கள் பேர் வந்தால் தயவுசெய்து அவருக்கு நானூறு வருஷத்துக்கு மேல் முந்திய ஸ்பூரியஸ் காசியஸை எடுங்கள். மூன்று முறை கான்சல் என்ற உச்சப் பதவியில் இருந்து, ரோமுக்குப் பெரிய நன்மை செய்து, கடைசியில் 'ராஜாவாக முயன்றான்' என்ற பழியோடு கொல்லப்பட்டவர். ஒரு மணி நேரப் பேச்சுக்குத் தாராளமாகப் போதும்.

முதலில் ஒரு தாளில் வருஷங்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், கதையைத் தொடாதீர்கள். கி.மு. 509-ல் அரசர்களைத் துரத்தியதும் ரோமில் வருஷத்துக்கு இரண்டு கான்சல்கள், படையும் நிர்வாகமும் அவர்கள் கையில், ஒருவரை ஒருவர் தடுக்கலாம். காசியஸ் கான்சலானது 502, 493, 486-ல். நடுவில் ரோமின் முதல் சர்வாதிகாரிக்கு (நெருக்கடிக்காகக் கொஞ்ச காலம் மட்டும் நியமிக்கப்படுபவர்) அடுத்த இடத்தில் குதிரைப்படைத் தலைவர். 485-ல் மரணம். இந்த எலும்புக்கூடு ஓரளவு நம்பகமானது, ஏனென்றால் கான்சல்களின் பெயர்ப்பட்டியலை ரோமானியர்கள் தனியாகக் காப்பாற்றி வந்தார்கள்.

அப்புறம் ரோம வரலாறு எழுதிய இருவரை, ரோமானியரான லிவியின் இரண்டாம் புத்தகத்தையும், கிரேக்கரான டியோனிசியஸின் ஐந்தாவது முதல் எட்டாவது வரையும் எடுங்கள். இணையத்தில் ஆங்கிலத்தில் இலவசமாகவே கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும், ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்று என்றால் பயனில்லை. 502-ஐ மட்டும் பாருங்கள்: லிவி கணக்கில் கான்சல்கள் இருவரும் அவுருங்கியர் என்ற அக்கம்பக்கத்து இனத்தாரோடு மோதி பொமேட்டியா நகரை முற்றுகை போடுகிறார்கள்; டியோனிசியஸோ காசியஸை சபைன்கள் என்ற வேறொரு இனத்தாரோடு மோதவிட்டு, செத்தவர்கள் 10,300 என்று எண்ணியும் தருகிறார். இருவரும் எழுதியது முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில், சம்பவம் நடந்து கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷத்துக்குப் பிறகு. அத்தனை துல்லியமான எண் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் அதைப் பேச்சில் சேர்க்காதீர்கள். போர்க்களப் பகுதியை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடலாம்.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் 493. அதற்கு முந்திய வருஷம்தான் கடனில் நொந்த சாமானியர்கள் ஊரைவிட்டு வெளியேறிக் குன்றில் போய் உட்கார்ந்தார்கள், வெளியே வோல்ஸ்கியர், ஈக்குவியர் என்ற பக்கத்து இனத்தார் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நிலையில் காசியஸ், கொஞ்ச காலம் முன்புவரை எதிரியாக இருந்த லத்தீன் நகரங்களோடு ஒப்பந்தம் போட்டார். டியோனிசியஸ் தரும் விதிகளைச் சபையில் வாசித்தே காட்டுங்கள்: வானமும் பூமியும் இருக்கும் இடத்தில் இருக்கும்வரை சமாதானம், ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் முழுப் பலத்தோடு உதவி, கொள்ளைப்பொருளில் சரிபாதி, தனியார் கொடுக்கல் வாங்கல் வழக்குகளுக்குப் பத்து நாளில் தீர்ப்பு. வெண்கலத் தூணில் பொறித்த இந்த ஒப்பந்தம் தங்கள் காலத்துக்குச் சற்று முன்புவரை ரோமின் பேச்சு மேடைக்குப் பின்னால் நின்றதாக, சீசர் காலத்துப் பேச்சாளர் சிசரோ நீதிமன்றத்திலேயே சொல்கிறார். லிவி இன்னும் சுவாரசியம். அதே வருஷம் வோல்ஸ்கியர்களோடு போரிட்ட இன்னொரு கான்சல் கொமினியஸின் புகழை கொரியோலானஸ் என்ற இளைஞன் முழுக்க மறைத்துவிட்டான், சக கான்சல் ஊரில் இல்லாததால் காசியஸ் தனியாகக் கையெழுத்திட்டார் என்று அந்தத் தூணில் இல்லாவிட்டால் கொமினியஸ் போருக்குப் போனதே மறந்துபோயிருக்கும் என்கிறார்.

கேட்பவர்களுக்கு இது பிடிபட பெங்களூரின் பேகூர் நாகேஸ்வரர் கோயில் கல்வெட்டைச் சொல்லுங்கள். வீர பல்லாளன் வெந்த பயறு சாப்பிட்டதால்தான் பெங்களூருக்கு இந்தப் பெயர் என்று ஊரே சொல்லும், ஆனால் அந்த ராஜாவுக்கு 300 வருஷம் முன்பே, சுமார் கி.பி. 890-ல், பெங்களூர்ப் போர் என்று கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். ரோம விஷயத்திலும் இதே அளவுகோல்தான்: பொறித்துவைத்தது ஒரு பக்கம், வாய்வழி வந்தது இன்னொரு பக்கம்.

486-ல் ஹெர்னிக்கியர் என்ற இன்னொரு பக்கத்து இனத்தாரோடும் ஒப்பந்தம். அவர்களிடமிருந்து எடுத்த நிலத்தில் பாதியை லத்தீன்களுக்கும் பாதியை ஏழை ரோமானியர்களுக்கும் பிரிக்கச் சட்டம் கொண்டுவந்தார் என்கிறார் லிவி. பதவி முடிந்ததும் வழக்கு. மரண தண்டனை நிறைவேறிய விதத்துக்கு இரண்டு கதைகள், இரண்டையும் சொல்லுங்கள்: பெற்ற அப்பாவே வீட்டில் விசாரித்துக் கொன்றார் என்பது ஒன்று, மக்கள் முன் தீர்ப்பாகி, குற்றவாளிகளைத் தள்ளிக் கொல்லும் டார்ப்பியப் பாறையிலிருந்து தள்ளப்பட்டார் என்பது இன்னொன்று. வீட்டை இடித்தார்கள் என்பதை மட்டும் லிவி, டியோனிசியஸ் இருவருமே சொல்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நிலச்சட்டம் பற்றிய விவாதங்களும் நீண்ட உரைகளும் கி.மு. 133-ல், ஏழைகளுக்கு நிலம் பிரிக்கச் சட்டம் கொண்டுவந்து கொல்லப்பட்ட திபேரியஸ் கிராக்கஸுக்கு நடந்ததை அப்படியே நினைவுபடுத்தும். பின்னால் வந்த எழுத்தாளர்கள் தங்கள் காலச் சண்டையைப் பழைய கதைக்குள் ஏற்றிவிட்டார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. அதனால் அந்த உரைகளை காசியஸின் வார்த்தைகள் என்று மேற்கோள் காட்டாதீர்கள்.

'நிஜமாகவே ராஜாவாக ஆசைப்பட்டாரா?' என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். பதிலுக்கு மறுபடி பெயர்ப்பட்டியலைக் காட்டுங்கள். அவர்மேல் வழக்குப் போட்டவர்களில் ஒருவர் கைசோ ஃபாபியஸ். 485 முதல் 479 வரை ஏழு வருஷமும் கான்சல்களில் ஒருவர் ஃபாபியஸ் குடும்பத்து ஆள், கைசோவே அதில் மூன்று முறை. குற்றம் உண்மையோ பொய்யோ, காசியஸ் போனதால் யாருக்கு வழி திறந்தது என்பதைப் பட்டியலே சொல்கிறது. என் கருத்து, பழி சுமத்தப்பட்ட மனிதர் அவர். நீங்கள் வேறு முடிவுக்கு வந்தால் எந்தச் சான்றை வைத்து வந்தீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.