முகூர்த்தம் முடியட்டும், பிறகு அப்டேட்

தர்மபுரிப் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு ஆடி பிறந்தால் கேமராப் பைக்கு ஓய்வு. பதினெட்டாம் பெருக்குக்கு ஒகேனக்கல்லில் ஒரு நாள் வேலை வரலாம்; எங்காவது அம்மனுக்குக் கூழ் ஊற்றும் விழாவுக்குக் கூப்பிடுவார்கள். மற்றபடி கை காலிதான். அந்த ஒரு மாதத்தில்தான் எடிட்டிங் மென்பொருளைப் புதுப்பிக்கிறேன். தவறினால் மார்கழி. மற்ற மாதங்களில் புதிய பதிப்பு வந்திருப்பதாகத் திரையின் மூலையில் என்ன மினுக்கினாலும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

இந்தக் கண்டிப்பு அடிபட்டு வந்தது. ஒரு தை மாதம், வரவேற்பில் ஓட்ட வேண்டிய பத்து நிமிடப் படம் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. இரவு பதினொரு மணிக்கு ஏதோ ஒரு ஆசையில் அப்டேட் பொத்தானை அழுத்தினேன். புதிய பதிப்புக்கு என் பழைய கிராஃபிக்ஸ் டிரைவர், அதாவது கிராஃபிக்ஸ் அட்டையை இயக்கும் மென்பொருள், போதவில்லை. படம் தெரிய வேண்டிய இடம் கறுப்பாக நின்றது. பழைய பதிப்பையே மீண்டும் ஏற்றினேன். அதுவோ புராஜெக்ட்டைத் திறக்க மறுத்தது, ஏனென்றால் அதை நான் புதிய பதிப்பில் ஒருமுறை சேமித்துவிட்டிருந்தேன். குற்றம் மென்பொருளுடையது அல்ல. பெண் வீட்டாரின் போனை மறுநாள் மதியம் வரை எடுக்காததும் நான்தான்.

புதிதாகத் தொழிலுக்கு வந்த தம்பிகள், தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எடுத்த படத்தைப் பத்திரப்படுத்தும் முறையும், ஆண்டுக்கு ஒருமுறை மென்பொருளைப் புதுப்பிக்கும் முறையும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். முதல் பாதி முடியாமல் இரண்டாவதைத் தொடக் கூடாது.

2024 ஆடியிலிருந்து 2025 ஆடி வரை வந்தவை

நான் பயன்படுத்தும் எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் 19இன் இறுதிப் பதிப்பு 2024 ஆகஸ்டில் வந்தது. ஏப்ரலில் லாஸ் வேகாஸ் ஒளிபரப்புக் கண்காட்சியையொட்டி அடுத்த பதிப்பின் சோதனை வடிவத்தை வெளியிடுவது அதைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக் நிறுவனத்தின் வழக்கம். அப்படியே 2025 ஏப்ரலில் 20இன் சோதனைப் பதிப்பும், மே இறுதியில் இறுதிப் பதிப்பும் வந்தன. மே இறுதி என்றால் நமக்கு வைகாசி முகூர்த்தங்களின் நட்டநடு. இதற்காகவே சொல்கிறேன், அவர்கள் நாள்காட்டி வேறு, நம் பஞ்சாங்கம் வேறு.

20இல் பேசப்பட்டவை செயற்கை நுண்ணறிவு வசதிகள்: எழுதிய வசனத்தை வைத்துக் காட்சிகளை அடுக்குவது, பேசுபவரைப் பார்த்துப் பல கேமராக் கோணங்களைத் தானாக மாற்றுவது போன்றவை. இவை பெரும்பாலும் 295 டாலர் கொடுத்து ஒருமுறை வாங்கும் ஸ்டுடியோ பதிப்புக்கானவை. இலவசப் பதிப்பில் வேலை செய்யும் நமக்கு, எடிட் பக்கத்திலேயே பின்னணிக் குரல் பதியும் கருவியும் திருத்தப்பட்ட கீஃப்ரேம் பகுதியும்தான் கைக்கு எட்டுபவை. அவற்றுக்காக வைகாசியில் தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொரு எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவின் 2025 பதிப்பு 2024 அக்டோபரில் வந்தது. 2025 ஏப்ரலின் 25.2இல், கிளிப்பின் முனையில் போதாத இரண்டு நொடியைச் செயற்கையாக நீட்டித் தரும் வசதி சேர்ந்தது. மாலை மாற்றும் காட்சியில் இல்லாத இரண்டு நொடியை இயந்திரம் கற்பனை செய்து தருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மணமக்களின் வீட்டில் நாற்பது ஆண்டு இருக்கப்போகும் படம் அது.

இவை எல்லாவற்றையும்விட நம் ஊர்க் கடைகளைப் பாதிப்பது வேறொன்று. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்றக் கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும்; இன்டெல் செயலி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். உங்களுடையது எது என்று இப்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கார்டைத் தொடும் முன்

எஸ்டி கார்டின் பக்கவாட்டில் சின்னப் பூட்டு ஒன்று இருக்கும். கேமராவிலிருந்து எடுத்ததும் அதைக் கீழே தள்ளிப் பூட்டுங்கள். தவறியும் எதுவும் அழியாது. கார்டுகளுக்கு நெயில் பாலிஷால் எண் போடுங்கள். நிறைந்த கார்டைப் பையில் குப்புற வைப்பது என் பழக்கம்.

கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 128 ஜிபி கார்டு மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. இரவு பத்துக்குத் தொடங்கி விடிய விடிய நடக்கும் கூத்தை எட்டு மணி நேரம் எடுத்தால் 360 ஜிபி. 1 டிபி என்று விற்கும் டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், எண்ணும் முறைதான் வேறு.

படி 2: இழுத்துப் போடாதீர்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில் பாரதக் கூத்து எடுத்தேன். கடைசி நாள் துரியோதனன் படுகளம். களைப்போடு வீட்டுக்கு வந்து, கார்டில் இருந்த கோப்புகளை மவுஸால் டிஸ்க்குக்கு இழுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். நடுவில் மின்சாரம் நின்று வந்தது. திரும்ப இழுத்தேன். ஏற்கெனவே இருக்கும் கோப்புகளை என்ன செய்வது என்று கணினி கேட்டது, தவிர்த்துவிடு என்றேன். எல்லாப் பெயர்களும் வந்திருந்தன, அளவுகளும் சரியாகத் தெரிந்தன. கார்டை அழித்தேன்.

பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. மின்சாரம் போன நொடியில் நகலாகிக்கொண்டிருந்த கோப்புக்கு விண்டோஸ் முழு இடத்தையும் முன்பே ஒதுக்கியிருந்தது. உள்ளே பாதிதான் படம், மீதி வெறுமை. பாஞ்சாலி கூந்தல் முடியும் இடத்தில் காட்சி உறைந்து நின்றது. ஊர்ப் பெரியவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அடுத்த முறையும் பாஞ்சாலி கூந்தல் முடிவாள், அப்போது வந்து எடுத்துக்கொள் தம்பி" என்றார். கல்யாண வீட்டில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே, நகலெடுத்தால் போதாது, சரிபார்க்க வேண்டும். மொய் எழுதும் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நோட்டில் எழுதியதைக் கூட்டுகிறார், இன்னொருவர் பணத்தை எண்ணுகிறார். இரண்டும் ஒத்தால்தான் பையைக் கட்டுவார்கள். கணினியில் இதன் பெயர் செக்சம். மூலக் கோப்பை முழுக்கப் படித்து ஓர் எண்ணைக் கணக்கிடும்; நகலையும் படித்துக் கணக்கிடும்; இரண்டையும் ஒப்பிடும். எம்டி5 என்ற முறை 1991இல் ரான் ரிவெஸ்ட் உருவாக்கியது. ரகசியம் காக்க இன்று அது உதவாது. நகல் சரியா என்று பார்க்க இன்றும் போதும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அது கணக்கிட்டுத் தரும் 32 எழுத்துக் குறியீடு அடையாளம் தெரியாமல் மாறிவிடும்.

பெரிய படப்பிடிப்புகளில் சில்வர்ஸ்டாக், ஷாட்புட் புரோ, முன்பு ஹெட்ஜ் என்ற பெயரில் இருந்த ஆஃப்ஷூட் போன்ற நகலெடுத்துச் சரிபார்க்கும் மென்பொருள்களை வைத்திருப்பார்கள். நமக்குத் தனியாகக் காசு செலவழிக்கத் தேவையில்லை. ரிசால்வ் இலவசப் பதிப்பிலேயே இதே வேலையைச் செய்யும் குளோன் டூல் இருக்கிறது. அது அங்கே இருப்பதே பலருக்குத் தெரியாது.

முதலில் இரண்டு டிஸ்க்குகளிலும் ஒரே பெயரில் கோப்புறை உருவாக்குங்கள்: ஆண்டு, மாதம், நாள், ஊர், கார்டு எண் என்ற வரிசையில். இந்த வரிசையில் வைத்தால் கோப்புறைகள் தாமாகவே தேதிப்படி அடுக்கிக்கொள்ளும். 'புது கல்யாணம் ஃபைனல் 2' என்ற பெயர் வேண்டவே வேண்டாம்.

பிறகு ரிசால்வில் மீடியா பக்கத்துக்குப் போய், மேலே இடப்புறம் உள்ள 'குளோன் டூல்' பொத்தானை அழுத்துங்கள். 'ஆட் ஜாப்' கொடுங்கள். கார்டை 'சோர்ஸ்' பெட்டிக்கும், இரண்டு டிஸ்க்குகளிலும் உருவாக்கிய கோப்புறைகளை 'டெஸ்டினேஷன்' பெட்டிக்கும் இழுங்கள். மூன்று புள்ளிப் பட்டியலில் செக்சம் வகையாக எம்டி5ஐத் தேர்ந்தெடுத்து, 'குளோன்' அழுத்துங்கள்.

கார்டை முழுதாகவே எடுங்கள். சோனி கேமராவில் படங்கள் 'பிரைவேட்' கோப்புறைக்குள் 'எம்4ரூட்', அதற்குள் 'கிளிப்' என்று ஆழத்தில் இருக்கும். வீடியோவை மட்டும் பொறுக்கி எடுத்தால் கூடவே இருக்கும் தகவல் கோப்புகள் போய்விடும்.

சாதாரண யூஎஸ்பி ஹார்டு டிஸ்க்குக்கு 128 ஜிபி நகலாக இருபது நிமிடம் ஆகும். சரிபார்க்க ஏறக்குறைய இன்னொரு மடங்கு. பொறுமையாக இருங்கள். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். லேப்டாப்பில் செய்வது இன்னும் நிம்மதி. கார்டை அழிப்பதைக் கேமராவில்தான் செய்ய வேண்டும், அதுவும் இரண்டு நகல்களிலிருந்தும் ஆங்காங்கே சில கிளிப்புகளை ஓட்டிப் பார்த்த பிறகு.

படி 3: மூன்றாவது நகல் வேறு ஊரில்

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய கணக்கு இது. அதியமானிடம் இருந்தது ஒரே நெல்லிக்கனி. ஔவைக்குக் கொடுத்ததும் தீர்ந்தது. நம்மிடம் இருப்பதும் அப்படி ஒன்றாக இருக்கக் கூடாது.

இணையத்தில் ஏற்றலாமே என்று கேட்பீர்கள். நொடிக்கு 20 மெகாபிட் ஏற்றும் வேகம் இருந்தாலும் அந்த 360 ஜிபி ஏற 40 மணி நேரம் ஆகும், அதுவும் இணைப்பு ஒருமுறைகூட அறுபடாவிட்டால். முடித்த படத்தையும் புராஜெக்ட் கோப்பையும் இணையத்தில் ஏற்றுங்கள். மூலப் படங்களுக்கு ஒரு டிஸ்க் போதும். என்னுடையது பாலக்கோட்டில் மாமியார் வீட்டில் இருக்கிறது.

படி 4: புராஜெக்ட் நூலகத்தைப் பிரதி எடுங்கள்

படம் பத்திரம். ஆனால் நீங்கள் வெட்டி ஒட்டிய உழைப்பு எங்கே இருக்கிறது? ரிசால்வில் அது தனிக் கோப்பாக இல்லாமல் நூலகத்துக்குள் இருக்கும். வலது கீழ் மூலையில் வீடு போன்ற குறியை அழுத்தினால் புராஜெக்ட் மேனேஜர் திறக்கும். இடப்பக்கம் நூலகங்களின் பட்டியலை வரவழைத்து, உங்கள் நூலகத்தின் விவரங்களுக்குள் 'பேக்கப்' கொடுத்து வெளி டிஸ்க்கில் சேமியுங்கள். பாதியில் நிற்கும் வேலைகளை ஒவ்வொன்றாக வலது கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட் புராஜெக்ட்' மூலம் டிஆர்பி கோப்பாகவும் எடுத்துவையுங்கள். அதில் படங்கள் இருக்காது, வெட்டுக் கணக்கு மட்டுமே இருக்கும்.

பிரிஃபரன்சஸில் 'யூசர்' பிரிவின் 'புராஜெக்ட் சேவ் அண்ட் லோட்' பகுதியில் 'லைவ் சேவ்', 'புராஜெக்ட் பேக்கப்ஸ்' இரண்டையும் இயக்கி, பேக்கப் சேரும் இடத்தை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள். இதற்கு ஆடி வரை காத்திருக்க வேண்டாம், இன்றே செய்யலாம்.

படி 5: இனி அப்டேட்

ஒரே கணினியில் ரிசால்வின் இரண்டு பதிப்புகள் சேர்ந்து இருக்காது. புதியது பழையதை அகற்றிவிடும். ஆகவே இப்போதுள்ள பதிப்பின் நிறுவும் கோப்பை முதலில் பத்திரப்படுத்துங்கள். தொலைந்திருந்தால் பிளாக்மேஜிக் தளத்தின் சப்போர்ட் பக்கத்தில் பழைய பதிப்புகள் கிடைக்கும். பிரீமியரில் இந்தத் தொல்லை குறைவு. பழையதை அகற்றும் தேர்வை நீக்கிவிட்டால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தானியங்கி அப்டேட்டை மட்டும் அணைத்துவையுங்கள்.

கிராஃபிக்ஸ் டிரைவரை முதலில் புதுப்பியுங்கள். என்விடியா அட்டை என்றால் விளையாட்டுக்கான டிரைவர், ஸ்டுடியோ டிரைவர் என இரண்டு இருக்கும், நமக்கு இரண்டாவது. பிறகு கணினியை மறுதொடக்கம் செய்து, ரிசால்வை ஏற்றுங்கள்.

திறந்ததும் நடப்பு வேலையைத் தொடாதீர்கள். 19இல் செய்த புராஜெக்ட்டை 20இல் திறந்தால் பிறகு 19 அதை ஏற்காது. பணம் வாங்கி, படம் கொடுத்து முடிந்த பழைய கல்யாணம் ஒன்றின் நகலைத் திறந்து பாருங்கள். எழுத்துருக்கள் வருகின்றனவா, நிறம் மாறவில்லையா, முழுப் படத்தையும் ரெண்டர் செய்ய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தமிழ் டைட்டில்களை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்த அழைப்பிதழ் டைட்டிலை நான் கண்டதுண்டு. ஒரு வாரம் இப்படி ஓட்டியபின் நடப்பு வேலைகளை மாற்றலாம்.

படி 6: டிஸ்க்கைத் திறந்து பாருங்கள்

ஆடி அமாவாசையை ஒட்டிப் பாலக்கோடு போகும்போது புதிய டிஸ்க்கை அங்கே வைத்துவிட்டுப் பழையதை எடுத்து வருவேன். வருவதற்கு முன் ஏதாவது ஒரு புராஜெக்ட்டை அங்கேயே லேப்டாப்பில் திறந்து ஓட்டிவிடுவேன். மாமியார் அதை அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், பழைய புடவையில் சுற்றி வைத்திருக்கிறார். சென்ற முறை, சின்ன மகள் கல்யாணம் இதில் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, திறந்தது. தாலி கட்டும் இடத்தை மூன்று முறை ஓட்டச் சொல்லிப் பார்த்தார்.