ஸ்பிரிண்ட் பயிற்சியா? ஓய்வையும் கணக்குப் பாருங்கள்

6 முதல் 10 விநாடி முழு வேகத்தில் ஓடினால் தசையில் உடனடி சக்திக்காகச் சேர்ந்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற பொருள் மளமளவென்று குறையும். அது ஏறக்குறைய முழுசாகத் திரும்ப 3 முதல் 5 நிமிடம் ஆகும். வேகம்தான் குறி என்றால் அதுவரை மெதுவாக நடங்கள். சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

20 விநாடி மட்டும் ஓய்வெடுத்தால் அடுத்தடுத்த ஓட்டத்தில் வேகம் விழும், ஆனால் இதயத் துடிப்பு அதிகம் இறங்காது. மூச்சு வாங்காமல் தாக்குப்பிடிக்கும் திறன் வளர இது நல்லது.

30 விநாடி ஓட்டம் வேறு ரகம். கடைசி 10 விநாடியில் தொடை கனத்துவிடும், கடும் உழைப்பில் தசையில் உண்டாகும் லாக்டேட் எகிறும், சிலருக்குக் குமட்டும். நடுவில் 4 நிமிடம் விட்டு, 4 முறை ஓடினாலே போதும். அப்புறம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.