படர்தாமரை திரும்பத் திரும்ப வருகிறதா?

படர்தாமரையில் பூஞ்சை மும்முரமாக இருப்பது சிவந்த விளிம்பில்தான். நடுவில் தோல் தெளிந்ததும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். 1% குளோட்ரிமசோல் களிம்பைத் தினமும் 2 வேளை, ஈரம் துடைத்த தோலில், விளிம்பைத் தாண்டி 2 செ.மீ. வரை மெல்லிசாகப் பூசுங்கள். தடிப்பு மறைந்த பிறகும் 2 வாரம் தொடருங்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டவே வேண்டாம். அரிப்பு அடங்கும், பூஞ்சையோ வெளியே தெரியாமல் பரவும். தலையிலோ நகத்திலோ வந்தால் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படும், மருத்துவரைப் பாருங்கள்.

அப்படியும் விடவில்லையென்றால் வீட்டுப் பூனை, நாயைக் கவனியுங்கள், அவற்றிடமிருந்தும் இது தொற்றும். காதோரம், முகம், பாதத்தில் முடி வட்டமாகக் கொட்டிச் செதில் தெரியும். சில பூனைகளில் அறிகுறியே இருக்காது. உங்கள் களிம்பை அதற்குப் பூசாதீர்கள், நக்கிவிடும். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உதிர்ந்த முடியில் பூஞ்சை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதன் படுக்கையைத் தனியாகத் துவையுங்கள்.